நிழலுக்கு நகர்ந்த எட்டு மீட்டர்

கயிற்றைப் பிடித்திருந்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகச் சொல்ல வசதியாக இருக்கும். பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு பாறையில், கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த விருந்தாளியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். கயிற்றின் நுனி என் கையை விட்டு, பிலே கருவியை (ஏறுகிறவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்து நிறுத்த இடுப்பில் மாட்டிக்கொள்வது) விட்டு, சரேலென்று வெளியே ஓடிவிட்டது. கடைசி ஒன்றரை மீட்டரை அவர் கயிறு இல்லாமல் வந்து சேர்ந்தார். அப்போது மணி காலை பத்தே முக்கால். அன்றிரவு பன்னிரண்டரைக்கு நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கணுக்காலின் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம் நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஊர் சுற்றினோம்.

பெரிய விபத்து இல்லை. ஆறு வாரத்தில் அவர் நடந்துவிட்டார். ஆனால் அதே பிழை பத்து மீட்டர் உயரத்தில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன், வேறு யாராவது என்னைப் பற்றி எழுதியிருப்பார்கள். அதனால் நடந்ததை நேரவாரியாகப் பிரித்து, அடுத்த வாரம் அதே பாறைக்கு டேப்போடு போய் அளந்து பார்த்து, எங்கே எது பிசகியது என்று எழுதி வைக்கிறேன்.

ஆட்கள் நான்கு பேர். நான், கயிற்றின் சொந்தக்காரரான வேளச்சேரி நண்பர், தாம்பரத்திலிருந்து வரும் கல்லூரி மூன்றாமாண்டுப் பெண் ஒருவர், அப்புறம் விருந்தாளி. விருந்தாளிக்கு முப்பது வயதிருக்கும். பத்துமலையில் ஏறிப் பழகியவர். பத்துமலை என்றால் நமக்கு முருகன் சிலையும் 272 படியும்தான் ஞாபகம் வரும். பாறை ஏறுகிறவர்களுக்கு அது அதே சுண்ணாம்புக்கல் மலையின் மற்றப் பக்கங்களில் நிற்கும் செங்குத்துச் சுவர்கள். வேலை விஷயமாகப் பெங்களூர் போய்விட்டுத் திரும்பும் வழியில் சென்னையில் ஒன்றரை நாள் கையிருப்பு வைத்திருந்தார். சனிக்கிழமை இரவு பத்தரைக்கு இறங்கி, திங்கள் மதியம் கிளம்ப வேண்டும். கேட்டது இரண்டே விஷயம். "காலையில கல்லு, ராத்திரி ஊரு. அவ்ளோதான் அண்ணே."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்களும் சரி என்றோம்.

மாமல்லபுரம் போகலாமா என்றுதான் முதலில் கேட்டார். வெளியூரிலிருந்து வருகிற பாறைக்காரர்கள் எல்லோரும் கேட்பதுதான் அது. வெண்ணெய் உருண்டையின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். ஆனால் அந்த மலை முழுக்கத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. பல்லவர்கள் உளி வைத்த கல்லில் நாம் கை வழுக்காமல் இருக்கச் சாக்குப்பொடி பூசிக்கொண்டு ஏறுவது சட்டப்படியும் தப்பு, அழகும் இல்லை. அதனால்தான் நாங்கள் செங்கல்பட்டுப் பக்கம், ஏரிக்கரைக்கு மேலே இருக்கிற பேர் தெரியாத குன்றுகளுக்குப் போகிறோம். நாங்கள் ஏறும் பாறையின் உச்சியில் சின்னதாக ஒரு வேல் நட்டிருக்கிறார்கள். அங்கே செருப்பு கூடாது. ஏறுகிறதற்கான ஷூவும் செருப்புக் கணக்குதான் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார். உச்சிக்குப் பத்தடி கீழேயே ஆங்கர், அதாவது கயிறு தொங்கும் பிடிமானம், போட்டுக்கொள்கிறோம். ஊர்ப் பேரை எழுதாததும் அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான்.

சென்னையைச் சுற்றி எங்கு போனாலும் காலில் தட்டுப்படுகிற அந்தக் கறுப்பு நீலக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். 1893இல் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், கல்லறையில் படுத்திருப்பவரின் பேரையே கல்லுக்கும் வைத்து, சார்னோக்கைட் என்றார். சுண்ணாம்புக்கல் மாதிரி இதில் விரல் நுழையும் பொத்தல்கள் கிடையாது. சாய்ந்த வழவழப்பான முகம், உப்புத்தாள் மாதிரி ஒரு சொரசொரப்பு, அவ்வளவுதான் பிடிமானம். கையை விடக் காலை நம்பி ஏற வேண்டும். கல் குளிர்ச்சியாக இருக்கும்வரை ஷூவின் ரப்பர் ஒட்டும். வெயில் ஏறினால் உள்ளங்கை வியர்த்து, ரப்பர் இளகி, காலையில் சுலபமாக நின்ற இடத்தில் காலே நிற்காது. ஆக, சென்னையில் பாறை ஏறுவது என்பது விடியலுக்கும் பத்து மணிக்கும் நடுவே முடிகிற வேலை. பிப்ரவரியிலும் அப்படித்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் நேரக் கணக்கைப் பாருங்கள்.

சனி இரவு விமான நிலையத்திலிருந்து வெளியே வர பதினொன்று இருபது. நேராக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க வேண்டும். விருந்தாளிக்குப் பசி. கிண்டிப் பக்கம் ஒரு கடையில் பரோட்டா, அப்புறம் ஒரு டீ, அப்புறம் இன்னொரு டீ. "கேஎல்ல இந்நேரம் மாமாக் கடையில கூட்டம் அலைமோதும் அண்ணே" என்று கோலாலம்பூரின் இரவுச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி அவர் சொல்ல, எங்கள் ஊர் மட்டும் என்ன குறைச்சலா என்று நான் ரோஷப்பட்டு இன்னும் இரண்டு தெரு சுற்றிக் காட்டினேன். படுக்கும்போது ஒன்றரை. அலாரம் நான்கு மணிக்கு. இரண்டரை மணி நேரத் தூக்கத்தோடு ஜிஎஸ்டி சாலையில் வண்டி ஓட்டினேன். ஐந்தேகாலுக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் டீ. ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு, முள்ளுக்காட்டுக்குள் இருபது நிமிட நடை. பாறையின் அடிக்கு வந்தபோது சூரியன் எழும்பவில்லை.

முதல் மூன்று மணி நேரம் அருமையாகப் போனது. மலைத்தேனீ கூடு ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. நண்பர் பின்பக்கமாக நடந்து மேலே போய், ஒரு குண்டுப் பாறையைச் சுற்றி ஸ்லிங் என்ற நாடா வளையத்தைப் போட்டு, கேரபினர் என்ற உலோக வளையங்களில் திருகுப்பூட்டு உள்ள இரண்டை எதிரெதிராக மாட்டி, கயிற்றை அவற்றுக்குள் விட்டு, அதன் இரு முனைகளையும் கீழே எறிந்தார். ஒரு முனை ஏறுகிறவருக்கு, மறுமுனை கீழே நின்று பிலே பிடிக்கிறவருக்கு. "தரையைத் தொடுதா?" என்று மேலிருந்து கத்தினார். "தொடுது" என்று நான் கீழிருந்து கத்தினேன். உண்மையில் ஒரு முனை தொட்டது, இன்னொன்று முழங்கால் உயரத்தில் தொங்கியது. அவர் மேலிருந்து கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தார். இரண்டும் தரையைத் தொட்டன. தொட்டன என்றால் நுனி தொட்டது. சுருண்டு கிடக்கவில்லை. அந்த வித்தியாசத்தை அப்போது நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

முதலில் நண்பர் ஏறினார், அப்புறம் விருந்தாளி. சுண்ணாம்புக்கல் பழக்கத்தில் கையால் எதையாவது தேடித் தேடிக் களைத்துப் போய், பாதியில் நின்று சிரித்தார். "இதுல பிடிக்கவே ஒண்ணும் இல்லியே!" பிடிக்காதீர்கள், நில்லுங்கள் என்றோம். மூன்றாவதாகத் தாம்பரம் பெண். எங்கள் நான்கு பேரில் காலை நம்புவது அவள்தான். மளமளவென்று ஏறினாள். அவளை இறக்கி முடித்தபோது கயிற்றை நிறுத்திப் பிடிக்கும் என் பிரேக் கைக்குக் கீழே கயிறு மூன்று நான்கு முழம்தான் மிச்சம் இருந்தது. அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"அண்ணா, கயிறு கம்மியா இருக்கே?"

"அறுபது மீட்டர் கயிறும்மா. போதும்."

இந்த இரண்டு வரிதான் அன்றைய நாளின் நடு. கேட்டவளுக்கு வயது இருபது, ஏற ஆரம்பித்து எட்டு மாதம். பதில் சொன்னவன் பன்னிரண்டு வருடமாகக் கயிறு பிடிக்கிறவன். அவள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். நான் கயிற்றுப் பையில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அவள் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நம் ஊரில் பெரியவர்களிடம் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியில் வந்திருக்கிற பிள்ளைகள்.

ஒன்பதரைக்குக் கிழக்கு மேட்டைத் தாண்டி வெயில் முகத்தில் அடித்தது. பத்து மணிக்குக் கல்லைத் தொட்டால் தோசைக்கல். கிளம்பியிருக்க வேண்டும். நண்பர் கயிற்றைச் சுருட்டலாம் என்று எழுந்தும் விட்டார். விருந்தாளிக்கு அந்தப் பாதியில் நின்றது மனதை உறுத்திக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு தடவை அண்ணே" என்றார். நாளை மதியம் விமானம் ஏறப் போகிறவரிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா? சரி என்றேன். மனதுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. பதினொன்றரைக்குள் கிளம்பினால் பெருங்களத்தூர் நெரிசலுக்கு முன்னால் ஊருக்குள் போய்விடலாம், இரண்டு மணி நேரம் தூங்கலாம், ஆறரைக்குப் பீச் ஸ்டேஷன், எட்டு மணிக்கு ஹோட்டலில் மேசை சொல்லி வைத்திருக்கிறோம். அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது நான் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றைப் பார்க்கவில்லை.

பாறையின் அடியில் நிற்க முடியவில்லை. சரிவில் கொஞ்சம் கீழே ஒரு வேப்பமரம் இருந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு அன்று நன்றாகவே தெரிந்தது. அவர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து நடந்து மரத்தடிக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து அண்ணாந்து பார்க்கவும் சுகமாக இருந்தது. அவர் இந்தத் தடவை கடைசிவரை போனார். மேலே ஆங்கரைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் விரித்து ஒரு கூச்சல் போட்டார். இறக்க ஆரம்பித்தேன். சீராகத்தான் இறக்கினேன். பாறையின் அடிப்பகுதியை நோக்கி அவர் வரும்போது, எல்லோரும் செய்வதுபோலக் கடைசி மூன்று நான்கு மீட்டரைக் கொஞ்சம் வேகமாக விட்டேன். கையில் ஏதோ மெலிதாகத் தட்டியது. நுனியைச் சுற்றியிருந்த டேப். அடுத்த நொடி கை காலி.

அவர் சாய்ந்த கல்லில் வலது காலை முதலில் ஊன்றி, பாதம் உள்பக்கமாக மடங்கி, உருண்டு உட்கார்ந்தார். தலை படவில்லை. ஹெல்மெட்டும் இருந்தது. கயிற்றின் நுனி வேகமாக மேலே ஏறி, ஆங்கரைத் தாண்டி அவர் மேலேயே வந்து விழுந்தது. நான்கு பேரும் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் நண்பரும் நானும் டேப் எடுத்துக்கொண்டு போனோம். ஆங்கரிலிருந்து பாறையின் அடிவரை 26.5 மீட்டர். கயிற்றைத் தரையில் நீட்டி இழுத்து அளந்தால் 53.5 மீட்டர். பையில் 60 என்று எழுதியிருக்கிறது. ஆறரை மீட்டர் எங்கே போனது?

நண்பரின் ஞாபகத்தில் பாதி விடை இருந்தது. நுனி தேய்ந்து பஞ்சு வெளியே தெரிய ஆரம்பித்ததும் இரண்டு முறை வெட்டியிருக்கிறார். கயிறு பழையதானால் நுனியை வெட்டுவது எல்லோரும் செய்வதுதான், தப்பில்லை. வெட்டியதை எழுதி வைக்காததுதான் தப்பு. மீதி, கயிறு தானாகச் சுருங்கியது. நைலான் கயிறு நனைந்து காய்ந்து, துவைத்து, வெயிலில் கிடந்து, வருஷக்கணக்கில் சுருங்கத்தான் செய்யும். வாங்கிய ஆண்டு எது என்று கேட்டேன். யோசித்தார். "பையன் எல்கேஜி சேர்ந்த வருஷம்" என்றார். பையன் இப்போது எட்டாவது படிக்கிறான். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பத்து ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கயிறு செய்பவர்களே சொல்கிறார்கள். எங்கள் கயிறு அந்த எல்லையின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

சரி, 53.5 மீட்டர் கயிறு, 26.5 மீட்டர் பாறை. பாறையின் அடியிலேயே ஒட்டி நின்றால் போதும். பிலே கருவி இடுப்புயரத்தில் இருப்பதால் கயிற்றின் ஒரு பக்கத்துக்கு 25.5, மறு பக்கத்துக்கு 25.5, முடிச்சுக்கு முக்கால் மீட்டர். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். தாம்பரம் பெண் பார்த்தது அந்த மிச்சத்தைத்தான். முதல் மூன்று பேரும் பத்திரமாக இறங்கியதற்குக் காரணம் நான் அடியில் நின்றது, வேறு ஒன்றும் இல்லை.

வேப்பமரத்தடி பாறையிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆங்கருக்குச் சாய்வாகக் கயிறு போக 29 மீட்டருக்கும் மேல் வேண்டும். ஆக, என் பக்கத்தில் கூடுதலாகத் தேவைப்பட்டது நான்கு மீட்டர், கையில் இருந்த மிச்சம் இரண்டுக்கும் குறைவு. ஸ்டாட்டிக் கயிறு என்பதால் ஆள் தொங்கும்போது அதிகம் நீளாது. இருந்தாலும் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. அந்தக் கொஞ்சம்தான் இரண்டேகால் மீட்டர் விழுந்திருக்க வேண்டியவரை ஒன்றரை மீட்டரோடு விட்டது.

கிரிகிரி என்ற பிலே கருவி வைத்திருந்தால் பிடித்திருக்குமே என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பிடித்திருக்காது. ஆள் சட்டென்று விழுந்தால் கயிற்றைக் கவ்வுவதற்கு அது நல்ல கருவி. ஆனால் இறக்கும்போது நெம்புகோலை நாமே திறந்து வைத்திருக்கிறோம். திறந்த வாயில் கயிற்றின் கடைசி நுனி எந்த வேகத்தில் ஓடினாலும் அது தடுக்காது. தடுத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று, கயிற்றின் அடி முனையில் ஒரு முடிச்சு. முடிச்சு கருவியில் வந்து முட்டி நின்றிருக்கும், அவர் ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டு என்னைத் திட்டியிருப்பார், நான் நான்கு எட்டு முன்னால் வந்து இறக்கியிருப்பேன். பத்து விநாடி வேலை. அல்லது அந்த முனையைப் பிலே பிடிக்கிறவன் தன் இடுப்புப் பட்டையான ஹார்னஸிலேயே கட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிறவன் நான். காலையில் முனைகள் தரையைத் தொட்டபோது முடிச்சு போட மறக்கவில்லை, தேவையில்லை என்று விட்டேன். அறுபது மீட்டர் கயிறு அல்லவா!

விழுந்ததற்கு அப்புறம் செய்தது முதல் பிழையை விட மோசம். அது தூக்கம் கெட்ட கையின் பிழை. இதை நான்கு பேரும் விழித்துக்கொண்டே செய்தோம்.

சாலைக்கு வர இருபது நிமிட நடை. 108ஐக் கூப்பிட்டாலும் வண்டி சாலைவரைதான் வரும். அவர் நொண்டிக்கொண்டே, எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிட்டார். நடக்க முடிகிறது என்றால் சுளுக்குதான் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். செங்கல்பட்டில் ஒரு கரும்புச் சாறு கடையில் பாலிதீன் பையில் ஐஸ் வாங்கி, துண்டில் சுற்றிக் காலில் வைத்துக் கட்டினோம். மருந்துக் கடையில் வலி மாத்திரை. வீட்டுக்கு வந்து எல்லோரும் அடித்துப்போட்டது மாதிரித் தூங்கினோம். ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் கணுக்கால் வீங்கியிருந்தது, ஆனால் மாத்திரையால் வலி குறைவு. "நீங்க ரெஸ்ட் எடுங்க, இன்னொரு தடவை வரும்போது பாத்துக்கலாம்" என்றேன். ஒப்புக்குத்தான் சொன்னேன், குரலிலேயே தெரிந்திருக்கும். "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுக்கிறேண்ணே" என்றார்.

ஆறரைக்குப் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடை. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அன்றைய நாளில் எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் இன்றும் நான் நினைத்துப் பார்ப்பது இந்த அரை மணி நேரத்தைத்தான். 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. தள்ளுவண்டியின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் மலைபோல் நூடுல்ஸ் குவிந்திருக்கும். கடைக்காரர் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் வரிசையாக எறிந்து, கையாலேயே பிசைந்து கொடுப்பார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் புளியும் வைத்த பேஜோ. விருந்தாளி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டார். அவர் பாட்டியின் அண்ணன் ஒருவர் ரங்கூனில் கடை வைத்திருந்தாராம். மலேசியாவுக்குப் போன கிளை இவருடையது, பர்மாவுக்குப் போன கிளை என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. "இந்தக் கடைக்காரர் எனக்கு மாமா முறையா இருந்தாலும் இருக்கலாம்" என்றார். கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார்.

அப்புறம் ஹோட்டல் பார். சென்னையின் இரவை வெளியூர்க்காரருக்கு விளக்குவது எப்போதும் சங்கடம். அரசுக் கடை பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்துவரை. அங்கே கூட்டிப்போகிற மாதிரி இருக்காது. ஆட்டமும் பாட்டமும் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஏதாவது பெரிய ஹோட்டலுக்குள் போய், லிப்ட் ஏறி, குளிர்ந்த இருட்டில் உட்கார வேண்டும். வெளியே வந்தால் ஊர் அமைதியாக இருக்கும். இந்த ஊரின் ராத்திரி வாழ்க்கை உண்மையில் டீக்கடையிலும் பரோட்டாக் கல்லிலும் கடற்கரைச் சுவரிலும்தான் இருக்கிறது, அதுவும் பத்து மணிக்கு மேல் விசில் ஊதி மணலிலிருந்து எழுப்பிவிடுவார்கள். எல்லா நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019லேயே அரசாணை வந்தது. கடைகள்தான் அதை நம்பவில்லை. எது எப்படியோ, எட்டு மணிக்கு மேசை சொல்லியிருந்தோம், போனோம். அவர் மூன்று கிளாஸ் பீர் குடித்தார். டிஜே நல்ல பாட்டாகப் போட்டதும் எழுந்து ஒரு காலில் ஆடவும் செய்தார். ஏற்கெனவே மாத்திரை, அதன் மேல் மது. வலியே தெரியவில்லை. ரத்தக் குழாய்கள் விரிந்து வீக்கம் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வண்டி ஓட்ட வேண்டியதில்லை, ஆட்டோவில் வந்திருந்தோம் என்பதை மட்டும் என் பக்கத்து நியாயமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பதினொன்றரைக்கு வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். ஏறும்போது அவருடைய வலது காலில் செருப்பு நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். அடையாறு பாலம் வந்ததும் ஓரமாக நிறுத்தினார்.

"சார், அந்தக் கால் என்னா சார் அப்டி கீது?"

சுளுக்கு என்றேன்.

"கறுப்பாய்க்கினு கீது, சுளுக்குன்றீங்களே. எனக்கு ஒருதபா இப்டித்தான். வூட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா, நீங்களே சொல்லுங்கோ."

அன்று முழுக்க எங்களோடு இருந்தவர்களில் அந்தக் காலை உற்றுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பணியிலிருந்த டாக்டர் இளம்பெண். கேள்வி எதுவும் கேட்காமல் கட்டைவிரலால் வெளிக் கணுக்கால் எலும்பின் நுனியில் அழுத்தினார். விருந்தாளி கட்டிலை விட்டு எழும்பிவிட்டார். "எப்ப விழுந்தீங்க?" காலையில் என்றோம். எங்கள் மூச்சில் அடித்த வாடையையும் எங்கள் முகத்தையும் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எழுதினார். எலும்பின் நுனியில் தசைநார் இழுத்ததில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. இடம் நகரவில்லை, ஆபரேஷன் வேண்டாம். பின்பக்கம் மட்டும் மாவுக்கட்டு வைத்து பேண்டேஜ் சுற்றினார்கள். முழுக் கட்டுப் போட்டால் விமானத்தில் கால் வீங்கும்போது பிரச்சினை என்பதால் அப்படி.

அந்த டாக்டர் செய்த சோதனைக்கு ஒரு பேர் இருக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் மருத்துவர்கள் வகுத்த விதி. அடிபட்ட கணுக்காலுக்கு எக்ஸ்ரே வேண்டுமா வேண்டாமா என்பதை விரலாலேயே சொல்லிவிடலாம். கணுக்காலின் இரண்டு பக்கத்து எலும்பிலும், பின் விளிம்பு, கடைசி ஆறு சென்டிமீட்டர், நுனி ஆகியவற்றை அழுத்தினால் வலிக்கிறதா? உடனேயும், மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு எட்டு நடக்க முடிகிறதா? பாதத்தில் வலி என்றால் சுண்டுவிரலுக்கு நேரே நடுப்பாதத்தின் வெளி ஓரத்திலும், உள்பக்க வளைவின் மேட்டிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பின் மேல் வலி இருந்தாலோ, நான்கு எட்டு முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. நாங்கள் பார்த்தது நடை ஒன்றை மட்டும். அவரும் நடந்துவிட்டார். எலும்பின் மேல் ஒரு விரலை வைத்திருந்தால் காலையிலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருப்போம், அது எங்கள் வழியிலேயே இருக்கிறது. குடித்திருந்தாலோ மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தாலோ இந்தச் சோதனையை நம்ப முடியாது என்பதையும் படித்தேன். மாலையில் நாங்கள் அழுத்திப் பார்த்திருந்தாலும் ஏமாந்திருக்கலாம்.

யோசித்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான். கயிற்றில் ஆறரை மீட்டர் குறைந்தது பழைய கதை. அந்தக் கயிற்றில் அதற்கு முந்தைய மாதங்களிலும் ஏறியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. அன்று மட்டும் அது கடித்ததற்குக் காரணம், பாறை ஏறும் காலைப்பொழுதை இரண்டு ராத்திரிகளுக்கு நடுவே செருகியது. முதல் ராத்திரி என் தூக்கத்தைத் தின்றது. வரப்போகிற ராத்திரி என் கண்ணைக் கடிகாரத்தில் மாட்டி வைத்தது. பத்து மணிக்கு மேல் ஏறக் கூடாது என்ற எங்கள் சொந்த விதியை மீறியதும், வெயில் பொறுக்காமல் நிழலுக்கு நகர்ந்ததும், கேட்ட பெண்ணுக்குப் பையைப் பார்த்துப் பதில் சொன்னதும், விழுந்த காலை அழுத்திப் பார்க்காததும் இதே ஒன்றின் கிளைகள். எக்ஸ்ரேயில் சில்லு தெரிந்துவிட்டால் மேசை ரத்தாகிவிடும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். கயிறு கீழே விழுந்ததும் முடிச்சு போடுவது இப்போது பேச்சுக்கு இடமில்லாத விஷயம். பிலே பிடிக்கிறவர் நிற்கும் இடத்தில் ஒரு கல் வைத்துவிடுகிறோம். கல்லை விட்டு நகர வேண்டுமென்றால் ஏறுகிறவர் தரையில் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து கல்லும் ஊரும் கேட்டால், கல்லுக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு நாள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஊரைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். பாறை எங்கேயும் போய்விடாது. தாம்பரம் பெண்தான் இப்போது கயிறு பார்ப்பவள். அவள் சரி என்று சொல்லாமல் யாரும் ஏறுவதில்லை. அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுத்தபோது, "அன்னிக்கே இன்னொரு தடவை கேட்டிருக்கணும்ணா" என்றாள். கேட்க வேண்டியது அவள் இல்லை என்று சொன்னேன். முழுசாக ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

விருந்தாளி திங்கள் மதிய விமானத்தைத் தவறவிட்டு, செவ்வாய்க்கிழமை சக்கர நாற்காலியில் போனார். ஜூலையில் மறுபடி வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். ஜூலையில் கல் காலை ஏழு மணிக்கே சுடும், டிசம்பரில் வாருங்கள் என்று எழுதினேன். அத்தோ கடை ஜூலையில் திறந்திருக்குமா என்று திருப்பிக் கேட்டார்.

வெட்டிய துண்டுகளில் ஒன்று மட்டும் கிடைத்தது. அளக்கப் போன அன்று சாயங்காலம் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். துணி காயப்போடும் கொடி வாட்டர் டேங்க் குழாயிலிருந்து கைப்பிடிச் சுவர்க் கம்பிவரை விறைப்பாகப் போயிருந்தது. வெள்ளையில் நீலக் கோடு. டேப்பை எடுத்து அளந்தேன், மூன்று மீட்டர் எண்பது சென்டிமீட்டர். நண்பரின் அம்மா துணி எடுக்க வந்தவர் நாங்கள் அளப்பதைப் பார்த்தார்.

"ரொம்ப ஒறுதியான கயிறுப்பா. ஜமக்காளம் போட்டாலும் தொய்யல. இன்னும் கொஞ்சம் இருந்தா வெட்டிக் குடேன், இந்தப் பக்கத்துக்கும் கட்டிக்கலாம்."

நண்பர் உள்ளே போய் 53.5 மீட்டரையும் பையோடு எடுத்து வந்து அம்மா முன்னால் வைத்தார்.